குழாயை மூடிய காட்சி

பல் மருத்துவருக்கு அன்றைக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: தூங்கிவிடக் கூடாது.

மைத்துனனின் போன படத்தில் அவர் விட்ட குறட்டை இன்னும் குடும்பத்தில் அடங்கவில்லை. மனைவியின் தம்பி இயக்குநர். அதிலும் கதை, பாட்டு, வேகம் போன்ற கெட்ட பழக்கங்கள் எதுவும் இல்லாத இயக்குநர். "மௌனத்தைப் பத்தி நான் எடுத்த படத்துல சத்தம் போட்ட ஒரே ஆள் எங்க அத்தான்தான்" என்று மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கியவன், அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அக்கா போன் செய்தால் எடிட்டிங்கில் இருப்பதாகப் பதில் வரும். இரண்டு வருஷமாக எதை வெட்டிக்கொண்டிருந்தானோ, உறவைத்தான் வெட்டினான். அவளுக்கோ கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். போன வாரம் அவனாகவே கூப்பிட்டான். "அத்தானையும் கூட்டிட்டு வாக்கா. பழசை விட்டுடலாம்."

காரில் ஏறியதுமே மனைவி எச்சரித்துவிட்டாள். "இன்னிக்கு உங்க கண்ணு சொருகிச்சுன்னா அவன் என்னோட பேச மாட்டான். நான் உங்களோட பேச மாட்டேன்."

"பக்கத்துலதானே உக்காரப் போறே? கிள்ளு."

"கிள்ளாம? அதுக்குத்தான் நகமே வெட்டல."

படம் மதியக் காட்சி. அதற்கு முன் மைத்துனன் வீட்டில் சமாதான விருந்து. வேண்டாம் என்றால் கோபம் இன்னும் தீரவில்லை என்று ஆகிவிடும். ஆகவே மருத்துவர் போட்டதையெல்லாம் சாப்பிட்டார். அரங்கில் அவருக்காகக் காத்திருந்தது மெத்தென்ற நாற்காலி, பதமான குளிர், நல்ல இருட்டு. ஒரு மனிதனைத் தூங்க வைக்க ஆஸ்பத்திரியில்கூட இத்தனை ஏற்பாடு செய்ய மாட்டார்கள்.

பயம் படத்தோடு முடிவதில்லை. மைத்துனனுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மைக்கோடு வரிசை வரிசையாக வருவான். "எந்தக் காட்சி உங்களோட வீட்டுக்கு வருது?" என்று ஒவ்வொருவரையும் கேட்பான். ஒரு காட்சியைச் சொன்னால்தான் விடுதலை. "எல்லாமே நல்லா இருந்துச்சு" என்ற பருப்பெல்லாம் அங்கே வேகாது.

படம் தொடங்கியது. சமையலறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு துண்டை மடித்தாள். யோசித்தாள். பிரித்தாள். குழாய் சொட்டியது.

மருத்துவர் கீழ்த்தாடைப் பற்களின் பெயர்களை மனசுக்குள் ஒப்பித்தார். மேல்தாடைக்கு ஏறும்போது தலை சரிந்தது. தொடையில் சுரீரென்று ஒரு கிள்ளு. நிமிர்ந்தார். வாய் திறந்தவர்களைப் பார்த்தே பிழைக்கிறவர் என்பதால் கண் தானாக அக்கம்பக்கம் போயிற்று. மறுபக்கத்தில் இருந்த சினிமா விமர்சகர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். மறைப்பதற்குள் மேல்வரிசைக் கடைசிப் பல்லில் சொத்தை தெரிந்துவிட்டது. அவருக்கு அடுத்த பேராசிரியை கண்ணை மூடி, மோவாயைத் தாங்கி, ஆழ்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு கிள்ளு. பிறகு இன்னொன்று, கொஞ்சம் மெதுவாக. அதற்குப் பிறகு கிள்ளு எதுவும் வரவில்லை. தான் தேறிவிட்டதாக மருத்துவர் நினைத்துக்கொண்டார்.

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கே பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்தாள். "சனியன்!" என்று குழாயை இறுக்கி மூடினாள். ஈரக் கையை உதறிவிட்டுத் திரும்பி, மருத்துவரைப் பார்த்து நேராகச் சிரித்தாள். அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

கைதட்டலில் விழித்தார். கழுத்து வலித்தது, நாக்கு வறண்டிருந்தது. கடைசியில் கொஞ்சம் அயர்ந்திருப்போம், போகட்டும். கையில்தான் ஒரு காட்சி இருக்கிறதே.

மைக் முதலில் அவரிடமே வந்தது. மைத்துனன் அவர் கண்ணின் சிவப்பை உற்றுப் பார்த்தான். "சொல்லுங்க அத்தான். எந்தக் காட்சி?"

"அவ எழுந்து குழாயை மூடுறாளே, அந்த இடம்தான். எனக்கே மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு மச்சான்."

மைத்துனனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவன் தோளுக்குப் பின்னால், திரையில் படத்தின் கடைசிக் காட்சி உறைந்து கிடந்தது: அதே பெண், அதே துண்டு, குழாயின் நுனியில் விழப் போகிற ஒரு சொட்டு. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டார். முடிந்தது கதை. இனி இரண்டு வருஷம் இல்லை, ஆயுசுக்கும்.

மனைவி மைக்கைப் பிடுங்கினாள். "எனக்கும் அதே காட்சிதான் தம்பி. அழுகையே வந்துடுச்சு."

"அதேதான்!" என்று விமர்சகர் எழுந்தார். "அந்த ஒரு இடத்துக்காகத்தான் மொத்தப் படமும் காத்திருக்கு. அவங்க மூடுறது குழாயை இல்ல. காலத்தை."

பேராசிரியை மெல்லத் தலையசைத்தார். "அதுவும் இடது கையால. அந்த இடது கையைக் கவனிச்சீங்களா?"

எல்லோரும் கவனித்திருந்தார்கள். மைக் போன வரிசையெல்லாம் குழாய் மூடப்பட்டது. ஒருவர் அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்றார். மைத்துனன் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தான். வரவர ஆட்டம் சிறிதாகிக்கொண்டே போயிற்று.

கூட்டம் கலைந்ததும் நடைகூடத்தில் அத்தானை ஓரம் கட்டினான். மருத்துவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"அத்தான், அப்படி ஒரு காட்சி படத்துலயே இல்ல."

"மச்சான், மதியச் சாப்பாடு கொஞ்சம்..."

"ஒருத்தரும் முழிச்சிருக்கல. ஆனா கனவு கண்டது நீங்க ஒருத்தர்தான்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தான். "அந்த விமர்சகர் இன்னிக்கே எழுதிடுவாரு. அதுக்குள்ள அதை எடுத்துச் சேத்தாகணும். உண்மையிலேயே எந்தக் கையால மூடினா?"

"வலது கை."

"பேராசிரியை இடதுன்னு சொல்லிட்டாங்களே!"

"அப்போ இடதே இருக்கட்டும். சிரிப்பாளே, அதை மட்டும் விட்டுடாதே."

"சிரிக்கிறாளா?" மைத்துனன் கண்ணை மூடி யோசித்தான். "சரி. ஆனா குழாய்கிட்ட போக அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நிறைய நேரம் ஆகும். சேத்து முடிச்சதும் முழுப் படத்தையும் திரும்பப் போடறேன். நீங்க முதல் வரிசை. அக்காகிட்ட சொல்லுங்க, சாப்பாடு நம்ம வீட்லதான்."

காரில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம வீடுன்னானா? அவன் வாயாலயா?"

"அவன் வாயாலதான்." மருத்துவர் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். "ஏன்டி, பாதியில கிள்ளுறதை ஏன் நிறுத்தினே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் அசையவில்லை. பின்னால் ஒரு குழாய் மட்டும்தான் பாக்கி.