பால் காய்ச்சிய ஹார்ட் டிஸ்க்

புது ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியதும் கிருபாகரனின் வீட்டில் குளியலறைக்கு அடுத்து ஓர் அறை முளைத்தது. எல்லார் வீட்டிலும் முளைப்பதுதான். இவனுடையது இரண்டு டெராபைட் என்பதால் ஜன்னலும் இருந்தது.

பழைய இடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மச்சினனின் கல்யாண வீடியோ கூடத்தில் குறுக்கே படுத்திருந்தது. அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும். இனிமேல் மூச்சு விடலாம் என்றாள் மனைவி மங்கை.

புது இடத்தில் பால் காய்ச்சாமல் குடி போக முடியுமா? நம் ஆட்களுக்கு நரகத்தில் இடம் ஒதுக்கினாலும் முதலில் கிழக்கு எது என்றுதான் கேட்பார்கள். மங்கை அடுப்பை உள்ளே கொண்டுபோனாள். பால் நன்றாகவே பொங்கியது. பால் காய்ச்சிய இடத்தை அன்றைக்கே காலியாகப் போடக் கூடாது, யாராவது ஒருவர் தங்க வேண்டும். அவளே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

ஃபார்மேட் செய்தால்தான் அறை உபயோகப்படும் என்று கடைக்காரர் பிரான்சிஸ் சொல்லியிருந்தார். கிருபாகரன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. குடியிருப்பவள் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்பது அவன் நினைப்பு. புதுசில் என்ன இருக்கப்போகிறது என்று சம்மதம் கொடுத்தான். மடையன்.

கதவைத் திறந்தால் அறை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாய் இல்லை, அடுப்பு இல்லை, மங்கையும் இல்லை.

"ஏனுங்க, லைட்ட அணைச்சுட்டீங்களா?" என்று அவள் குரல் மட்டும் கேட்டது.

பிரான்சிஸ் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"குவிக் ஃபார்மேட்டா, ஃபுல்லா?"

"குவிக்."

"அப்ப இருக்காங்க. ஃபுல்லுன்னா அழிஞ்சிருப்பாங்க. எங்கன்னுதான் வீட்டுக்குத் தெரியாது."

மீட்டுத் தர முடியுமா என்று கிருபாகரன் கேட்டான். போட்டோ என்றால் எடுக்கலாம், ஆளை எடுக்கும் சாஃப்ட்வேர் இன்னும் வரவில்லை என்றார் அவர். புதிதாக எதையும் உள்ளே வைக்காதவரை அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகாதாம். வைத்தால் அது அந்த அம்மா மேலேதான் போய் உட்காருமாம், உட்கார்ந்த அளவுக்கு அவரில் அழியுமாம்.

"நீங்க உள்ள போயிராதீங்க. உங்க சைசுக்கு அவங்க மிஞ்ச மாட்டாங்க."

கிருபாகரன் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டான். வேலைக்குப் போவதை விட்டான். அழுகை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஒரு சொட்டு உள்ளே தெறித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

மார்கழி வந்தது.

"ஏனுங்க, குளுருதுங்க," என்றாள் மங்கை.

கேட்காத மாதிரி இருந்து பார்த்தான். அவள் பல் கிடுகிடுக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. கட்டியவள் நடுங்குவதைக் கேட்டுக்கொண்டு எவன் உட்கார்ந்திருப்பான்? இருப்பதிலேயே மெல்லிய போர்வையை நாலாக மடித்து, அறையின் ஓரத்தில் வைத்தான். போர்வை மறைந்தது. நடுக்கம் நின்றது.

"ஏனுங்ணா," என்றாள் பிறகு. "ரொம்பப் புண்ணியமுங்ணா. உங்கூட்ல பொம்பளைங்க யாரும் இல்லீங்களா?"

கட்டிய நாளிலிருந்து அவள் அவனை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. இருக்கிறாள் என்று மட்டும் சொன்னான்.

பொங்கல் கழிந்ததும் அவளுக்குப் பசித்தது. கிருபாகரன் இட்லி ஊற்றினான். தட்டோடு வந்தவன் கதவருகிலேயே நின்று பிரான்சிஸுக்குப் போன் போட்டான்.

"ரெண்டு இட்லி எவ்வளவு எடம் புடிக்குமுங்க?"

"சட்னியோடவா?"

சட்னி வேண்டாம் என்றான். அதை வழித்துத் தனியே வைத்தான். யோசித்து ஓர் இட்லியையும் எடுத்துவிட்டான்.

"ஒண்ணு வெச்சா அவளுக்கு எது போகும்?"

"அதச் சொல்ல முடியாதுங்க. பசியே போனாலும் போகும். பேச்சுப் போனாலும் போகும்."

"ஏனுங்ணா, இன்னும் ஆகலீங்களா?" என்று உள்ளிருந்து கேட்டது.

இதோ ஆயிற்று என்று சொல்லிவிட்டு, கிருபாகரன் தட்டில் இருந்த இட்லியைப் பாதியாகப் பிய்த்தான். பார்த்தான். அந்தப் பாதியை மறுபடி பாதியாகப் பிய்த்தான்.