ஜாகா வரும் சத்தம்

...இல்லை, அவனுக்கு வில்லைக் கொடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம், இடுப்பில் இரண்டு கத்தி, முதுகில் ஒரு கூடை அம்பு, போகட்டும், ஒரு குண்டூசிகூட இல்லாமல் ஊர் முழுக்கக் கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் பதில் வராது, அதுவும் போகட்டும், ஆனால் அவனைப் போய் இளவரசன் ஆக்கிவிட்டார்களே, அதை என்ன செய்வது? தபால்காரன் லா அவன். எதிரிப்படை பிடித்துவைத்திருக்கிற ஊரில் இருட்டோடு இருட்டாக நடந்து, யாரோ எழுதிய கடிதத்தை யாருடைய கதவிடுக்கிலோ செருகிவிட்டுப் போகிறவன். கடைசிவரை ஒரு கடிதத்தைக்கூட அவன் பிரித்துப் படித்ததில்லை, அதுதான் அந்தப் பழைய வீடியோ கேமே, 'கிரே கூரியர்' என்றால் அதுதான். அதையே மறுபடி எடுத்திருக்கிற இந்தப் புதுசில் ஐந்தாவது நிமிஷமே பிரித்துப் படித்துவிட்டான். படித்ததும் தெரிகிறதாம், அவன்தான் செத்துப்போன ராஜாவின் மகன் என்று. விளங்கிடும். மூன்று வருஷம் காத்திருந்து, சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டு, பாயா ரும்புட்டிலிருந்து மஸ்ஜித் தானாவில் அக்கா வீடு வரைக்கும் கேம் பெட்டியைக் கார் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவந்தேன், குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி. இப்போது அகல்யா அக்கா என் பக்கத்தில் சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், காதில் ஹெட்போன், கண் எதிர்ச்சுவரில் எங்கேயோ. டிவியின் சத்தத்தை அவளே முழுக்கக் குறைக்கச் சொல்லிவிட்டாள். அப்போது எப்படி விளையாடினோமோ அப்படியேதான் விளையாட வேண்டுமாம்.

அப்போது என்பது சிம்பாங் அம்பாட் வீட்டில், இருபது வருஷத்துக்கு முன்பு. அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, இரவெல்லாம் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டுக் காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். பலகைச் சுவர், அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் டிவி. சத்தம் வைத்தால் தொலைந்தோம். ஹெட்போனோ ஒன்றுதான். சத்தம் கேட்காமல் அந்த கேமை ஒரு தெருகூடத் தாண்ட முடியாது, காவல்காரன் எங்கே வருகிறான் என்பது திரையில் தெரியவே தெரியாது, காலடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்... சண்டை போட்டுப் பார்த்தோம், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம், கடைசியில் தானாக ஒரு வழி அமைந்தது. கண் எனக்கு, காது அவளுக்கு. நான் கண்ட்ரோலரைப் பிடிப்பேன், அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் காதுக்குள் கிசுகிசுப்பாள். கல்லு, பலகை, பாய், தண்ணி. காவல்காரன் எதன்மேல் நடக்கிறான் என்று தரையைச் சொல்லிவிட்டால் அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். காவல்காரர்களுக்கெல்லாம் எங்கள் பாஷையில் ஜாகா என்றுதான் பெயர், அப்பா அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே. ஒரு ஜாகா இருமிக்கொண்டே வருவான், அவனுக்கு மாயாண்டி என்று வைத்தோம், அப்பாவோடு வேலை செய்த மாயாண்டி மாமா அப்படித்தான் இருமுவார். 'மாயாண்டி மாமா வர்றாரு, பலகை, ரெண்டு... ஒண்ணு... இப்ப போ.' அவள் இப்ப என்றால் இப்பதான். ஒரு நாளும் தப்பினதில்லை. நான் படிப்பிலும் சரி வேலையிலும் சரி, ஒருத்தர் சொன்ன சொல்லை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது பிறகு கிடையவே கிடையாது.

அந்தக் காதுதான் இப்போது மிச்சம். இனிப்பு நீர் வியாதி கண்ணுக்கு ஏறி, லேசர் வைத்து, ஊசி போட்டு, எல்லாம் செய்து, போன வருஷத்திலிருந்து வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் அவளுக்கு. கிளினிக்கில் பதினைந்து வருஷம் மருந்து கட்டிக் கொடுத்தவள், மாத்திரை உறையில் பெயர் எழுதுகிற கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், ஒரு நாள் அந்த வேலையை அவளே நிறுத்திவிட்டாள், தப்பான உறையில் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்று. அத்தான் கார் உதிரிப்பாகக் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். சமையலுக்கு ஓர் ஆள், துணி மடிக்க ஓர் ஆள், 'நீ உக்காரு உக்காரு'ன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லியே என்னைய மரச்சாமான் ஆக்கிட்டாங்க லா என்றாள் ஒரு தடவை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். புதுசாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்த அன்றைக்குப் போன் போட்டேன். 'டேய் திலீப், அதுக்குக் கண்ணு வேணாம்டா' என்றாள். அவ்வளவுதான், நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை இவளில்லாமல் தொடக்கூட மாட்டேன் என்று. டிரெய்லரில் வில்லைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்தினேன், கேம் வெளியானதும் மற்றவர்கள் போட்ட வீடியோக்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். பத்துக்கு ஒன்பது என்று ஒருவன் மார்க் போட்டிருந்தான். அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து சேர்ந்தேன்.

தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, அக்கா ஹெட்போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என்னக்கா என்றேன். ஒரே மேளமா இருக்கு லா, கல்யாண மண்டபத்துல உட்கார வச்ச மாதிரி என்றாள். வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன்... நூறு பேர் வயலின் வாசிக்கிறார்கள், அவன் சும்மா சந்தில் நிற்கிறான், அதற்கு நூறு வயலின். செட்டிங்கில் போய் மியூசிக்கை அடியோடு குறைத்தேன். இப்போது காலடி கேட்கிறது, கேட்டுத் தொலைத்தது, அதுதான் வினை. கல்லில் நடக்கவிட்டுப் பார்த்தேன், தப் தப். பலகையில், தப் தப். முழங்கால் தண்ணீரில் நடக்கிறான், அதற்கும் தப் தப். இடமா வலமா, கிட்டவா தூரமா, ஒன்றும் கிடையாது. பின்னே எப்படித்தான் விளையாடுவதாம் என்று பார்த்தால், ஒரு பட்டனை அமுக்கினால் உலகமே நீலமாகி, சுவருக்குப் பின்னால் நிற்கிற ஜாகாக்களெல்லாம் சிவப்பாக எரிகிறார்கள். இளவரச ரத்தத்துக்கு அப்படி ஒரு பார்வையாம். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு அந்தச் சிவப்பை மஞ்சளாக மாற்றித்தர ஒரு வசதி, எழுத்தைப் பெரிதாக்க ஒரு வசதி, எல்லாருக்கும் எல்லாம் யோசித்திருக்கிறார்கள், மகராசர்கள். காதால் விளையாடுகிறவளை மட்டும் ஒருத்தனும் யோசிக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? ஆபீஸில் சொன்னால், முப்பத்தாறு வயசுல கேமுக்கு அழுவுறான் பாரு என்பார்கள். கம்பெனிக்கு எழுதலாம், எழுதியவர்கள் ஆயிரம் பேர், புதிய தலைமுறைக்காக என்று அவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்கள். ஹெட்போனைத் திருப்பி அவள் கையில் கொடுத்தேன். 'இப்ப நல்லா கேக்கும்க்கா' என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்... வேறு என்ன சொல்வது? நீ வேண்டாம்க்கா, பட்டனை அமுக்கினால் போதும், உன் காதையும் எடுத்துவிட்டார்கள் என்றா? அவள் மாட்டிக்கொண்டாள். நெற்றி சுருங்கியது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், அந்தச் சாய்ப்பு அப்படியே இருபது வருஷத்துக்கு முந்தைய சாய்ப்பு. நான் சத்தம் காட்டாமல் நீலப் பட்டனை அமுக்கி, சிவப்பு உருவங்களைப் பார்த்து, அவற்றைச் சுற்றி நடந்தேன். எப்படிடா கண்டுபிடிச்ச, நான் ஒண்ணுமே சொல்லலியே என்று கேட்டாள். நிழல் தெரிஞ்சதுக்கா என்று புளுகினேன். கொஞ்ச நேரம் கழித்து, 'பலகை... இடப்பக்கம்னு நினைக்கிறேன்' என்றாள். இடப்பக்கம் யாருமில்லை, வலப்பக்கம் ஒருத்தன் எரிந்துகொண்டு நிற்கிறான். அவள் சொல்லைக் காப்பாற்ற வலப்பக்கமே போனேன், போய்ச் செத்தேன். செத்ததற்கு அவள், சாரிடா, லேட்டா சொல்லிட்டேன் என்றாள். அடுத்த தடவையும் அப்படியே. அவள் சாரி சொல்வதைக் கேட்க என்னால் முடியவில்லை, அதனால் சாவதை நிறுத்தினேன். ரகசியமாகப் பார்த்துப் பார்த்து, அவள் எதைச் சொன்னாலும் அது சரியாக வருகிற மாதிரி நடந்தேன். அவள் இடம் என்றால் நான் வலத்தில் ஒளிந்து, அப்பாடா, நல்லவேளை சொன்ன என்பேன். பாலத்தைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஒரு தெளிவே வந்துவிட்டது. கல்லு, ரெண்டு பேரு, நில்லு... இப்ப போ. ஒருத்தன் போறான், பின்னாலயே போ. பழைய குரல், பழைய கிசுகிசுப்பு. பாதிக்கு மேல் சரியாகவும் இருந்தது, நான் அசந்துபோனேன், அந்தத் தப் தப்பிலிருந்து இவளால் எப்படி இதைப் பிரிக்க முடிகிறது என்று. ஒருவேளை எனக்குத்தான் காது இல்லையோ, கண் இருக்கிறவனுக்குக் கேட்காத ஏதோ அதில் ஒளிந்திருக்கிறதோ, கம்பெனிக்காரனைச் சும்மா திட்டிவிட்டேனோ... ஒரு மணி நேரம் ஓடியதே தெரியவில்லை. அவள் சிரித்தாள்கூட. 'மாயாண்டி மாமாவைத்தான் காணோம்' என்றாள்.

மாயாண்டி மாமாவை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் நிறுத்திவிட்டு செட்டிங்குக்குப் போனேன், பழைய குரல்களைப் போட்டுக்கொள்ள எங்காவது ஒரு வசதி வைத்திருக்கமாட்டார்களா என்று. சத்தத்துக்கான பக்கம். மேலிருந்து கீழே தேடினேன். மியூசிக், பேச்சு, சத்தம் வரும் இடம். அந்த மூன்றாவது வரியில் டிவி என்று போட்டிருந்தது. ஹெட்போன், தொடர்பில் இல்லை. மறுபடி படித்தேன். திரும்பி அவள் காதைப் பார்த்தேன், ஹெட்போன் ஓரத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. டிவியில் சத்தம் பூஜ்யம். எப்போதிலிருந்து? பாலத்துக்கிட்ட திரையில் ஏதோ ஒரு செய்திப் பெட்டி எழும்பியது, இந்த கேம் நிமிஷத்துக்கொரு தடவை இப்படிக் குனி, இப்படித் தாண்டு என்று பெட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது, அதில் ஒன்றென்று படிக்காமல் அமுக்கித் தள்ளினேன். பாலத்திலிருந்தா. ஒரு மணி நேரமாகவா. கல்லு, ரெண்டு பேரு, நில்லு, இப்ப போ... எதைக் கேட்டுச் சொன்னாள்? காதில் ஒன்றுமே விழாமல், ஐயோ கேக்கலடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பாதிக்கு மேல் சரியாக எப்படி இருந்தது? நான் மூச்சைப் பிடிப்பேன், ஆள் கிட்டே வந்தால் எனக்கு அது தானாக வரும், பட்டனை விட்டுவிடுவேன், நாக்கைக் கடிப்பேன்... அப்போதுதான் அவள் நில்லு என்றிருக்கிறாள். என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இவ்வளவு தூரம் ஆசையாய்ச் சுமந்துவந்தது ஏமாற்றமாகிவிட்டது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு, நான் அவளுக்காக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் எனக்காக...

இணைத்துவிடலாமா? ஒரு பட்டன்தான். இணைத்தால் அவள் காதில் சட்டென்று சத்தம் வரும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், பிறகு இரண்டு பேரும் எங்கே பார்ப்பது, அவளுக்காவது பார்க்க வேண்டியதில்லை. இணைக்காமல் விட்டால் இந்தச் சத்தமில்லாத காதோடு அவளை இன்னும் எத்தனை மணி நேரம் உட்கார வைப்பது? கேமை மூடிவிட்டு, நல்லால்லைக்கா, போதும் என்று சொல்லலாம். சொன்னால் அவள், நல்லாத்தானே லா போச்சு என்பாள், அதை நான் தாங்குவேனா? கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது, அமுங்கவில்லை.

'என்னடா, நின்னுட்ட?' என்றாள்.

ஒண்ணுமில்லக்கா, தண்ணி குடிச்சேன் என்றேன். தண்ணீரே அங்கே இல்லை, அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். செட்டிங்கை அப்படியே மூடிவிட்டு வெளியே வந்தேன். நீண்ட தாழ்வாரம், நீலப் பட்டனை அமுக்கிப் பார்த்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சிவப்பும் இல்லை, சும்மா ஓடியே போய்விடலாம். நாலு அடி நடந்தேன். அக்கா தலையைச் சாய்த்தாள், என் முழங்கைமேல் கையை வைத்தாள்.

'நில்லு. பலகை. ஒருத்தன் வர்றான்.'

நின்றேன். தாழ்வாரத்தில் யாரும் வரவில்லை. போயிட்டானாக்கா என்று கேட்டேன், இன்னும் இல்லடா என்றாள், அவள் கை என் முழங்கையிலேயே இருந்தது, சரிக்கா என்று சொல்லிவிட்டு நான் நின்றுகொண்டே இருந்தேன்.