நாற்பது நாள் காடி

பிழைக்க வந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் காஜா பெராங்கில் ஆளுக்கொரு பைத்தியம் பிடித்திருந்தது. சிலர் வாசலில் கொடி கட்டினார்கள், சிலர் குடியுரிமை விண்ணப்பப் பாரத்தோடு அலைந்தார்கள். கமலவேணிக்குப் பிடித்தது மிளகாய் சாஸ் பைத்தியம். சீனர் கடையில் மீ நூடுல்ஸ் வாங்கினால் கூடவே வருமே, அந்தச் சிவப்புச் சாஸை வீட்டிலேயே செய்து போத்தலில் அடைத்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

கிளம்பியது சரி, கைதான் ஒத்துழைக்கவில்லை. முதல் தடவை மிளகாய் கிள்ளிய கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டு, அரை நாள் தண்ணீர்த் தொட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் தடவை போத்தலைக் கொதிநீரில் போட்டெடுக்கச் சோம்பல்பட்டதில், நாலாம் நாள் சாஸின் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மூன்றாம் தடவை எல்லாம் ஒழுங்கு. கடையில் வாங்கிய வினிகர்க் காடி, ஊரார் சுக்கா என்பார்களே, அதுமட்டும் தொண்டையைச் சுரண்டியது.

நான்காம் தடவைக்கு வழி சொன்னது அவள் கணவன் மருதமுத்து. கள்ளுக்கடையில் நாற்காலி தேய்க்கிறவனுக்கு வேறென்ன வழி தோன்றும்? ஒரு பானைக் கள்ளை வாங்கி வந்து, வாயில் துணி கட்டி, சமையலறை மூலையில் நாற்பது நாள் வைத்தான். போதையும் நாற்றமும் போய் அது தெளிந்த காடியாகிவிட்டது. கமலவேணி பழுத்த மிளகாயும் பூண்டும் அரைத்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தக் காடியை ஊற்றினாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

ஆறியதும் ஆறாததுமாக ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஹலீமாவிடம் ஓடினாள். பத்து வருஷப் பழக்கம். கமலவேணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது பத்தியச் சோறு ஆக்கிப்போட்டவள் ஹலீமா.

பொரித்த மீனைச் சாஸில் தொட்டுத் தின்றுவிட்டு ஹலீமா சப்புக் கொட்டினாள். “அடி ஆத்தி! கடைச் சாஸெல்லாம் பிச்சை வாங்கணும். என்ன சுக்கா ஊத்துனே வேணி?”

கள் என்று சொன்னால் அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள் என்று கமலவேணிக்குப் பயம். பயத்தைவிட, அந்தப் பாராட்டு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது என்பதுதான் நிஜம்.

“கடையில வாங்குனதுதான்கா.”

“அப்ப ரெண்டு மாசத்துல எங்க மக ஆயிஷா நிக்காஹுக்கு இருபது போத்தல் நீதான் போடுற.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், வேண்டாத நேரமெல்லாம் வழவழவென்று பேசும், அன்று ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்தன்று கிளேபாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். பிரியாணியைவிடச் சாஸுக்குத்தான் அதிகம் கை நீண்டது. ஹலீமாவின் கணவர் அலாவுதீனுக்குப் பெருமை தாங்கவில்லை. “உங்க வீட்டம்மா கைப்பக்குவமே தனி,” என்று மருதமுத்துவிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

மனைவி சொன்ன பொய் மருதமுத்துவுக்குத் தெரியாது. “அவ கையில என்ன இருக்கு பாய்? எல்லாம் நம்ம கள்ளு. நாப்பது நாள் புளிக்க வெச்ச கள்ளு!”

பந்தி அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் கையை உதறிக்கொண்டு எழுந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அலாவுதீன் அவரை உட்கார வைத்தார். ஹலீமா வேறு யாரையும் பார்க்கவில்லை, கமலவேணியை மட்டும் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மூன்றாம் நாள், மிச்சப் போத்தல்களைக் கூடையில் வைத்துக்கொண்டு ஹலீமா வந்தாள். உள்ளே வரவில்லை. கமலவேணி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

“அக்கா, உங்க மார்க்கத்துக்கு ஆகாததைத் தின்ன வெச்சிட்டேன். பாவி நான்.”

“அது ஆகும் வேணி.” ஹலீமாவின் குரலில் கோபமே இல்லை. “பள்ளிவாசல் லெப்பைகிட்ட கேட்டோம். கள்ளு தானா மாறிக் காடியாயிட்டா அது கூடும்னுட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிவிட்டாச்சு. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே கேட்டிருப்போம். பந்தியில நானே எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன்.”

“அப்பறம் எதுக்குக்கா போத்தலைத் திருப்பிக் கொண்டாந்தீங்க?”

“இனிமே நீ எதைக் குடுத்தாலும் இதுல என்ன இருக்குன்னு கேக்கத் தோணும். நீ சொல்றத நம்பத் தோணாது.”

கூடையைப் படியில் வைத்துவிட்டு ஹலீமா போய்விட்டாள். கமலவேணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். லெப்பை அதை விலக்கென்று சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது. அந்தப் பொய்க்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.