எட்டு எம்.எம். கூடுதல்

எங்கள் பட்டறையில் ரப்பர் பீடிங்கை அறுத்து, மூலை ஒட்டி, இயந்திரக் கதவுகளுக்கு அடைப்புச் சட்டமாகக் கொடுக்கிறோம். கேட்பதற்கு எளிய வேலை. அத்தானோடு சேர்ந்து செய்து பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர், பட்டறையின் முதலாளி. அதற்கு முன் பதினாறு வருடம் துணிக்கடையில் நின்றவர். அவர் கைபட்ட எதிலும் சுருக்கம் தங்காது. செய்தித்தாளைப் படித்து முடித்தால்கூட விற்பனைக்கு வைக்கப்போவதுபோல மடிப்பார். இந்தக் குணம் ரப்பருக்கு ஆகாது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயிண்ட் அடித்த தகடுகளைச் சுட்டெடுக்கும் ஓவன் செய்கிற கம்பெனி ஒன்று, நாற்பது கதவுகளுக்குச் சட்டம் கேட்டிருந்தது. முதலில் ஒரு மாதிரி கொடுக்க வேண்டும்; அது தேறினால் நாற்பதும் எங்களுக்கு. இரண்டு மாதிரி தோற்றாயிற்று. மூன்றாவதும் தோற்றால் அறுக்கிற மேஜையையும் ஒட்டுகிற அச்சையும் ஏறக்கட்டிவிட்டு, பீடிங்கைச் சுருளாக வாங்கிச் சுருளாகவே எடைபோட்டு விற்கப்போவதாக அத்தான் அறிவித்துவிட்டார். நான் தராசுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மூலையம்மா வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும்.

மூலையம்மா பதினொரு வருடமாக மூலை மட்டுமே ஒட்டுபவர். சாய்வாக அறுத்த இரண்டு முனைகளுக்கு நடுவே வேகாத ரப்பர் துண்டு ஒன்றை வைத்து, சூடான அச்சில் அழுத்தி, கால் மணி நேரம் கழித்து எடுப்பார். ஒட்டு எங்கே என்று அவரைக் கேட்டாலும் தேடித்தான் சொல்வார். “நாலு மூலைக்கு நான் பொறுப்பு. நடுவுல இருக்கறத மாமனும் மச்சானும் பாத்துக்குங்க” என்பது அவருடைய வேலைப் பிரிவினை.

முதல் மாதிரி, ரப்பரைத் தேர்ந்தெடுத்ததிலேயே தோற்றது. ஓவன் நூற்றெண்பது டிகிரி சுடும், சிலிக்கான்தான் தாங்கும் என்றேன். கிடங்கில் ஜன்னலுக்குப் போடுகிற கறுப்பு பீடிங் மூன்று சுருள் விலைபோகாமல் கிடந்தது. கறுப்பாக இருந்தால் அழுக்கு தெரியாது என்று அத்தான் ஒரு தொழில்நுட்பக் காரணம் சொன்னார். அழுக்கு தெரியவில்லைதான். பத்தாம் நாள் அது விறகாகி உடைந்தது மட்டும் தெரிந்தது. பிறகுதான் செங்கல் நிறச் சிலிக்கான் வந்தது.

இரண்டாவது மாதிரியில் ரப்பர் சரி, அளவு தப்பு. கதவு ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். ஒவ்வொரு பக்கத்தையும் ஆயிரத்து ஐந்நூறு எம்.எம். என்று அறுத்தேன். மறுநாள் காலையில் ஒவ்வொரு பக்கமும் ஆறு எம்.எம். இளைத்திருந்தது. மாட்டியபோது நான்கு மூலையிலும் பீடிங் விறைத்துக்கொண்டு நின்றது.

கம்பெனியிலிருந்து சோதிக்க வருபவருக்குப் பேப்பர் சார் என்று பெயர் வைத்திருந்தோம். கதவிடுக்கில் ஒரு காகிதக் கீற்றை வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பார்ப்பார். காகிதம் வராவிட்டால் அடைப்பு சரி. எங்கள் மூலைகளில் அது, பாடம் நடக்கும்போது கடைசி பெஞ்சுக்காரன் வெளியேறுவதுபோலச் சத்தமில்லாமல் வந்துவிட்டது.

என் டேப் சரியில்லை என்றார் அத்தான். புது டேப் வாங்கினோம். அது பழைய டேப்புக்கே சாட்சி சொன்னது. பிறகு என் கண்ணைச் சந்தேகித்தார். எங்கள் குடும்பத்துக்கே கண் கோளாறு என்று அவர் சொன்னது அக்கா காதில் விழுந்து, அது தனி வழக்காக இரண்டு நாள் ஓடியது.

ஒருநாள் ஏழரைக்கே போய் நின்றபோதுதான் காரணம் தெரிந்தது. சுருளில் இறுக்கிச் சுற்றிய பீடிங் கொஞ்சம் நீண்டிருக்கும். அதை அவிழ்த்துத் தரையில் ஓர் இரவு தளர்வாகக் கிடக்க விட்டால்தான் தன் உண்மையான நீளத்துக்குத் திரும்பும். அதனால் மாலையில் அதை விரித்துப் போட்டுவிட்டுப் போவேன். ஏழு மணிக்கு அத்தான் வருவார். தரையில் ரப்பர் நெளிந்து கிடக்கும். பதினாறு வருடத் துணிக்கடை பதறும். அதை வாரியெடுத்துச் சுவரின் உச்சியில் உள்ள ஆணிகளில் தொங்கவிட்டு, கீழ்முனைகளில் கிளிப் மாட்டி, கிளிப்பில் ஓர் எடைக்கல்லையும் கோத்துவிடுவார். நான் ஒன்பது மணிக்கு வரும்போது மேஜையில் பீடிங் இஸ்திரி போட்டதுபோலக் காத்திருக்கும். இழுபட்டு நீண்டதை அளந்து நான் அறுப்பேன். அறுத்த பிறகு அது நிதானமாகத் தன் நீளத்துக்குப் போய்ச் சேரும்.

தொங்கவிடாதீர்கள் என்று ஐந்து தடவை சொன்னேன். ஐந்து தடவையும் “சரி மாப்ள” என்றார். அத்தானின் சரி என்பது கேட்டுக்கொண்டதற்கான ரசீது. செய்வதாக அதில் எங்கும் எழுதியிருக்காது.

அக்காவிடம் போனேன். “நான் சொல்றேன், விடு” என்றாள். அவருடைய குறட்டையைப் பற்றியும் கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் சொல்லிவருகிறாள்.

ஆகவே நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் எப்படியும் தொங்கவிடுவார், அது எப்படியும் ஆறு இளைக்கும். மூன்றாவது மாதிரியை ஒவ்வொரு பக்கமும் எட்டு எம்.எம். கூட்டி அறுத்தேன். ஆறு சுவருக்கு, இரண்டு என் மனநிம்மதிக்கு. மூலையம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

“டிராயிங்ல இல்லியே அது?”

“ஆணியும்தான் டிராயிங்ல இல்ல.”

அவர் மறுபேச்சில்லாமல் ஒட்டிக் கொடுத்தார்.

சோதனை நாள் காலையில் அளந்தேன். ஆயிரத்து ஐந்நூற்று எட்டு. பழைய டேப்பில் அளந்தேன், அதுவும் எட்டு என்றது. மயிரிழைகூட இளைக்கவில்லை. அத்தான் ரசீதுப் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தான், முந்தாநேத்து நைட்டு விரிச்ச பீடிங்க நேத்து காலைல தொங்கவிடலையா?”

“இல்லியே. உங்கக்கா விடல.”

“என்ன சொன்னா?”

“தரையில கெடந்தா கெடக்கட்டும், ஒரு நாள் கையக் கட்டிக்கிட்டு நில்லுங்கன்னா. நின்னேன். நீ வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் எடுத்து மேஜையில வெச்சேன். எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீ சொன்னதத்தானப்பா செஞ்சேன். அத உங்கிட்டயே வந்து வேற சொல்லணுமா?”

வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவர் என் பேச்சைக் கேட்க, அந்த ஒரு நாளைப் பார்த்தா நான் அவரை நம்பாமல் போக வேண்டும்?

பத்து மணிக்குப் பேப்பர் சார் வருகிறார். அப்போது ஒன்பதரை. புதிதாக அறுத்து ஒட்டினால் மூலைகளுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். இருப்பதை மாட்டுவதைத் தவிர வழியில்லை.

பட்டறையில் நிறுத்தியிருந்த மாதிரிக் கதவின் பள்ளத்தில் முதலில் நான்கு மூலைகளையும் உட்காரவைத்தேன். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவை. மிச்சம் இருந்த நீளம் அங்கங்கே அலையலையாகப் புடைத்து நின்றது. சுருக்கத்தைக் கண்டதும் அத்தானின் கை தானாக நீண்டது. மூலையம்மா துடைக்கிற துணியால் அந்தக் கையில் ஒன்று போட்டார்.

“கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க.”

நின்றார். நான் ஒவ்வோர் அலையையும் கட்டைவிரலால் இரண்டாகப் பிரித்து, இரண்டை நான்காக்கி, நெருக்கி நெருக்கி உள்ளே தள்ளினேன். கடைசிப் புடைப்பு உள்ளே போனபோது வாசலில் பேப்பர் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் முப்பத்திரண்டு இடங்களில் காகிதத்தை வைத்து இழுத்தார். எங்கேயும் வரவில்லை. ஒரு மூலையில் காகிதமே கிழிந்தது. குனிந்து பீடிங்கைத் தடவிப் பார்த்தார்.

“டிராயிங்க விட நீளமா வெட்டினீங்களா?”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மூலையம்மாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

“எட்டு எம்.எம். சார்” என்றேன். தராசு என் கண்முன் வந்து நின்றது.

“நல்லது. சூட்டுல போகப்போக இது கொஞ்சம் சுருங்கும். நெருக்கி மாட்டினாத்தான் மூலை பிச்சுக்காது.” டிராயிங்கை வாங்கி, பக்கத்துக்கு எட்டு கூடுதல் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். “யாரோட யோசனை?”

“எங்க பட்டறையில வழக்கமாவே அப்படித்தான் சார்” என்றார் அத்தான்.

மூலையம்மா இருமினார். அன்றைக்குப் பட்டறையில் தூசியே இல்லை.

நாற்பது கதவும் எங்களுக்கே வந்தது. நான்கு கதவுக்கான சிலிக்கானை மாலையில் தரை முழுக்க விரித்துப் போட்டுவிட்டு, மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று ஏழரைக்கே போனேன். தரை பளிச்சென்று இருந்தது. நான்கு கதவுச் சிலிக்கானும் கிளிப்பும் எடைக்கல்லுமாகச் சுவரில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஆறு ஆணி வேறு.

“பயப்படாத மாப்ள” என்றார் அத்தான். “இப்பதான் எட்டு கூட வெட்டறோமே. சுருங்கினா சுருங்கிட்டுப் போகுது.”

அந்த எட்டு எம்.எம். கதவுக்கு, சுவருக்கு இல்லை என்று விளக்கினேன். எட்டில் ஆறைச் சுவர் எடுத்துக்கொண்டால் கதவுக்கு மிஞ்சுவது இரண்டு என்று விரல்விட்டும் காட்டினேன்.

“சரி மாப்ள” என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். நான் சொல்றேன், விடு என்றாள். திரும்பிப் பார்த்தால், மூலையம்மா ஒரு கையில் ஆணி பிடுங்கும் குறடோடு சுவரோரமாக ஏணியை நகர்த்திக்கொண்டிருந்தார்.