நீலக்கரைக் கிண்ணம்

சேஷகிரிக்கு செக்ரடேரியட்டில் உத்தியோகம் உயர்ந்த வருஷம், அல்சூர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன பங்களா ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. சாப்பாட்டுக்கென்றே அதில் ஒரு பெரிய அறை. அங்கே போட அவர்களிடம் இருந்ததோ நாலு மணைப்பலகை.

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி அசரவில்லை. சுதந்திரம் வந்து இரண்டு வருஷமாகியும் துரைமார் விட்டுப்போன சாமான்கள் கன்டோன்மென்ட் ஏலக்கடைகளில் குவிந்து கிடந்தன. ஒரு தேக்கு மேஜையும், ஒன்றுக்கொன்று ஒட்டாத எட்டு நாற்காலிகளும் எடுத்து, பிரம்பு பின்னி, பாலிஷ் போட்டாள். சமையலறைக்கு வலைக்கதவு அலமாரி வந்தது. மாவு, சர்க்கரை என்று இங்கிலீஷில் எழுதியிருந்த எனாமல் டப்பாக்களில் துவரம்பருப்பும் மிளகாயும் கொட்டினாள். கடைசியாகக் கிடைத்தது நீலக்கரை போட்ட பீங்கான் செட், பன்னிரண்டு பேருக்கு. புளித்தண்ணீரிலும் சாம்பலிலும் மூன்று நாள் ஊறவைத்த பிறகே அதை உள்ளே சேர்த்தாள்.

பாத்திரம் தேய்க்க தொம்மலூரிலிருந்து வந்துகொண்டிருந்த எல்லம்மா, அந்தத் தட்டுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இது எங்க பார்க்கர் தொரைசானி செட்டும்மா! பதினோரு வருசம் இந்தக் கையால கழுவியிருக்கேன்."

ஜெயலக்ஷ்மிக்கு அதிர்ஷ்டம் வீடு தேடி வந்ததுபோல் இருந்தது. எந்தத் தட்டு எங்கே, கரண்டி எந்தப் பக்கம், துணியை எப்படி மடிப்பது, எல்லாம் எல்லம்மாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சமையலறைப் படி தாண்டக் கூடாது என்ற கட்டளையோடு, சாப்பாட்டு அறைக்குள் மட்டும் அவளை வரவிட்டாள்.

"நடுவுல வைக்கிற மூடி போட்ட பெரிய கிண்ணத்தக் காணோமே எல்லம்மா?"

"அது எங்கூட்ல கீதும்மா. ஊருக்குப் போற அன்னிக்கு தொரைசானியே எனக்குக் குட்த்தாங்க. அவங்க பொண்ணுக்கு டைபாய்டு வந்தப்போ நாப்பது நாளு நான்தான் கூட இருந்தேன், அதுக்காக."

விலைக்குக் கேட்டாள் ஜெயலக்ஷ்மி. எல்லம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை சேஷகிரியின் மேலதிகாரி மனைவியோடு சாப்பிட வருகிறார் என்று கேட்டதும் தானாகவே சொன்னாள்: "ஒரு நாளைக்குத்தானேம்மா, எட்தாந்து தர்றேன்." புடவையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தாள்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. அதிகாரியின் மனைவி அலர்மேல்மங்கை அம்மாள் அந்தக் கிண்ணத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பரம்பரை சொத்தா?" என்று கேட்டாள்.

"எங்க தாத்தா அரண்மனை உத்தியோகத்துல இருந்தார்" என்றாள் ஜெயலக்ஷ்மி. வேறொன்றும் சொல்லவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை என் நாத்தனாரைக் கூட்டிண்டு வரேன். அவ பார்க்கணும் இதை."

அதன் பிறகு கிண்ணத்தை எப்படித் திருப்பித் தருவது? நாளைக்கு, நாளன்னைக்கு என்று நாலு நாள் ஓட்டினாள். ஐந்தாம் நாள் எல்லம்மா மறுபடி கேட்டபோது, ஜெயலக்ஷ்மிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"செட்டு முழுசும் ஏலத்துல எனக்குத்தான் வந்தது. அதுல ஒண்ணு உன் வீட்டுல இருந்ததுன்னா எப்படிப் போச்சுன்னு நான்தான் கேக்கணும்."

எல்லம்மா வேலையை முடித்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை, மஞ்சள் துணியில் மடித்த ஒரு கடிதத்தோடு வந்து சாப்பாட்டு அறை வாசலில் நின்றாள்.

"தொரைசானி எழுதிக் குட்த்ததும்மா. கிண்ணத்தப் பத்தியும் இதுல கீது. படிச்சிப் பாருங்க."

ஜெயலக்ஷ்மி படித்தாள். இங்கிலீஷ் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. எல்லம்மா இருந்த பதினோரு வருஷமும் என் அலமாரியை நான் பூட்டியதில்லை. என் மகள் உயிரோடு இருப்பது இவளால். நீலக்கரை செட்டின் மூடிக் கிண்ணத்தை என் கையால் இவளுக்குக் கொடுத்திருக்கிறேன். இவளிடமிருந்து யாரும் அதைப் பறிக்க வேண்டாம்.

"நன்னா வேலை செய்வேன்னு எழுதியிருக்கா" என்றாள். "கிண்ணத்தப் பத்தி ஒண்ணும் இல்லை."

"இல்லம்மா, எழுதிட்டு எனக்குத் தமிழ்ல சொன்னாங்களே. இன்னொரு வாட்டி பாருங்க."

அந்தப் பிடிவாதம்தான் ஜெயலக்ஷ்மியைக் கிளப்பிவிட்டது. "சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். கை சுத்தம் கிடையாது, வேலைக்கு வைக்கறவா ஜாக்கிரதையா இருக்கணும்னு எழுதியிருக்கா. போறுமா?"

எல்லம்மாவுக்கு அது காதில் ஏறவே சற்று நேரம் பிடித்தது. மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சேஷகிரியைப் பார்த்தாள். "ஐயா, நீங்களாச்சும் ஒரு தபா படிங்கய்யா."

சேஷகிரி கடிதத்தை வாங்கினார். முழுவதும் படித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அம்மா சொன்னதுதான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"மூணு ஊட்ல இத்தப் படிச்சிட்டு வேலை இல்லன்னு அனுப்பிட்டாங்க" என்றாள் எல்லம்மா மெதுவாக. "அதுக்குத்தானா? நான் பாட்டுக்கு எல்லார்கிட்டயும் நீட்டிக்கினு இருந்தேனே."

கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடிதத்தை அவளே அதில் போட்டாள், சுற்றியிருந்த மஞ்சள் துணியோடு. ஜெயலக்ஷ்மி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்க ஓரடி எடுத்து வைக்கப் போனவள்போல் இருந்தது, எடுத்து வைக்கவில்லை. அது எரிந்து முடிந்தபோது மனசுக்கு லேசாகத்தான் இருந்தது.

எல்லம்மா அன்றோடு நின்றுவிட்டாள். அவள் இடத்துக்கு லட்சுமம்மா என்று ஒருத்தி வந்தாள். வெள்ளிக்கிழமை விருந்தும் நல்லபடியாக நடந்தது. சேஷகிரி மட்டும் அந்தக் கிண்ணத்திலிருந்து எதுவும் பரிமாறிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஜெயலக்ஷ்மி ஜட்காவில் தொம்மலூர் வழியாகப் போகும்போது, ரோட்டுக்கு ஜல்லி சுமக்கிறவர்களுக்கு நடுவே எல்லம்மாவைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் எல்லம்மா கூடையை இறக்கிவிட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். கோபத்தோடு வரவில்லை. கும்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் இன்னா எடுத்தேன்னு தொரைசானி அதுல எழுதியிருந்தாங்களா? ராவும் பகலும் யோசிச்சிப் பாக்குறேன், ஒண்ணும் ஞாபகம் வர்லியேம்மா."

ஜெயலக்ஷ்மி அவளுடைய வெடித்துப்போன விரல்களைப் பார்த்தாள். அவை வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்தன.

"இல்லை எல்லம்மா, என்னன்னு எழுதலை" என்றாள். பிறகு ஜட்காக்காரனிடம், "ஹோகப்பா, ஹொத்தாய்த்து" என்று, நேரமாகிவிட்டதாகக் கன்னடத்தில் அவசரப்படுத்தினாள்.