சுண்ணாம்பு போன தண்ணீர்

உருளையை உப்பால் கழுவிய நகுலேஸ்வரன் அதை நல்ல தண்ணீரில் அலச மறந்துபோனான். தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்துவைக்கிற உருளை அது. இடைக்கிடை உப்புக் கரைசல் விட்டு, பிறகு நன்றாக அலசிப் பூட்டவேண்டும். இவன் அப்படியே பூட்டியதில் அவர்கள் குடியிருந்த காம்பர் வானின் தண்ணீர்த் தாங்கி மத்தியதரைக் கடலின் ஒரு கிளையாகிவிட்டது.

மனைவி கனகேஸ்வரி தேநீரை யன்னலுக்கு வெளியே துப்பினாள்.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை மீன் வளக்கலாம்."

"சுண்ணாம்பு போயிட்டுதெல்லோ, அதைப் பாரும்."

தாங்கியைத் திறந்து ஊற்றினார்கள். பலெர்மோவில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும்; அன்றைய முறை முடிந்திருந்தது. கைக்குழந்தை நிலக்ஷிக்குத் தாய்ப்பால் போதாது, பால்மா கரைக்கவேண்டும். போத்தல் தண்ணீர் வாங்கப் புறப்பட்ட மனைவியை மறித்தவனும் நகுலேஸ்வரன்தான்.

"வானுக்குள்ளை தண்ணி வடிக்கிற ஒரு பக்ரறியே வைச்சிருக்கிறன். போத்தல் ஏனப்பா?"

நகரின் சீசாப் பகுதியில் இருந்த வாடகை அறையை இழந்து, ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் எலுமிச்சைத் தோட்டமொன்றின் ஓரமாக, ஓடாத வானில் குடியேறியவனுக்குப் பெருமைப்பட அந்த வடிகட்டியை விட்டால் வேறென்ன இருந்தது?

தோட்டத்துக் கிணற்றில் அள்ளினான். வானை நிறுத்த இடம் வாடகைக்கு விட்ட காவற்காரன் சால்வோ பக்கத்தில் நின்றான்.

"குடிக்கலாமோ?" நகுலேஸ்வரன் தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் கேட்டான்.

"நல்ல குளிர்" என்றான் சால்வோ.

"இல்லை, குடிக்கலாமோ?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்."

வாளியைப் பார்க்காமலே சொல்லிவிட்டு நடந்தான். குடியிருப்பவன் கிளம்பிப்போனால் வாடகையும் போய்விடுமே.

கரி வடிகட்டியில் விட்டு, இம்முறை நன்றாக அலசிய உருளைக்குள் விட்டு, அதற்கும் மேலே காய்ச்சினார்கள். குழந்தைக்குரிய தண்ணீரல்லவா, ஊரில் கொத்தமல்லிக் குடிநீர் வற்றவைப்பதுபோல, பாதியாக வற்றும்வரை காய்ச்சினான். கேத்திலில் சுண்ணாம்பு ஒட்டவேயில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் கேத்திலைத் தூக்கிக் காட்டினான்; குழாய் முறை வந்த நாட்களிலும் கிணற்றிலேயே அள்ளினான்.

நாளாக நாளாக நிலக்ஷி அழுவதைக் குறைத்தாள்.

"தகப்பனை மாதிரிப் பொறுமைசாலி."

"ஆர், நீங்களோ?" என்று சிரித்த கனகேஸ்வரி, குழந்தையின் கையைப் பிடித்தபடி சிரிப்பை நிறுத்தினாள். நகங்கள் சாம்பல் பூத்திருந்தன. ஆகஸ்ட் வெயிலில் வான் அடுப்பாகக் கிடந்தது. குளிர் என்று சொல்ல வழியில்லை. நகுலேஸ்வரன் பயந்துபோய், தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். தண்ணீரை இன்னும் வற்றவைத்தான்.

மறுநாட் காலை கனகேஸ்வரி குழந்தையை வெளிச்சத்தில் நீட்டினாள்.

"சொண்டைப் பாருங்கோ."

நிலக்ஷியின் உதடுகள் நாவற்பழம் தின்ற வாய்போல இருந்தன. அப்படியொரு பகிடி நாக்குநுனிவரை வந்து, அங்கேயே செத்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு சால்வோவிடம் ஓடினான். அங்கே கார் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். கனகேஸ்வரி வெறுங்காலுடன் பின்னால் வந்தாள்.

சால்வோ குழந்தையின் முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பின்னால் நின்ற தாயைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"கிணத்துத் தண்ணியோ குடுத்தனீங்கள்?"

"காய்ச்சித்தான்... வடிச்சு, நல்லாக் காய்ச்சித்தான் குடுத்தனாங்கள். சால்வோ, அந்தத் தண்ணி குடிக்கலாமோ, இல்லையோ?"

"இல்லை. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் அதைக் குடிக்கிறேல்லை. மரத்துக்குப் போடுற பசளையெல்லாம் அந்தக் கிணத்துக்குத்தான் இறங்குது. காய்ச்சினால் அது போகாது, இன்னும் தடிக்கும். என்ரை ஆட்டுக்குட்டியள் இந்த நிறத்திலைதான் செத்ததுகள். ஏறு காரிலை."