தங்கபுஷ்பத்தின் அரைக்கிலோ கல்

தரையை விட்டு மேலே போவதற்கு முன் எங்கள் அம்மா தங்கபுஷ்பம் கடைசியாகச் செய்தது, இடுப்பில் முடிந்திருந்த அரைக்கிலோ எடைக்கல்லை அவிழ்த்துப் புளி நிறுக்கக் கொடுத்ததுதான். அது 2003 பங்குனி. இடம் வடசென்னைக் காலடிப்பேட்டை, எங்கள் மளிகைக் கடை.

பல வருடங்களுக்கு முன்பே முடக்குவாதம் அவள் விரல்களைக் கோணலாக்கியிருந்தது. வீக்கத்துக்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. அப்பா வேதமாணிக்கம் பழைய மருந்துச் சீட்டைக் காட்டியே அதை வாங்கிக்கொண்டிருந்தார். நோயும் எலும்பைத் தின்னும், அந்த மாத்திரையும் தின்னும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அம்மாவின் முழங்காலைத் தட்டினால் காலி எண்ணெய் டின் சத்தம் வந்தது. பொன்னி அரிசி கிலோ பதினாறு ரூபாய் விற்ற சமயம் அது. வெயிலில் நடக்கட்டும், கேழ்வரகும் நெத்திலியும் சாப்பிடட்டும், சுமை தாங்காத எலும்பு இன்னும் தேயும் என்றார் டாக்டர். நெத்திலி வாங்கிய அப்பா, நடக்க மட்டும் விடவில்லை.

"விழுந்தா ஒடிஞ்சிரும். நீ அசையாம இரி, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவளுக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. அவள் லேசாகிக்கொண்டே வந்தாள். ஒரு மார்கழியில் பாய்க்கும் அவளுக்கும் நடுவே கை நுழைந்தது. அப்பா எடைக்கற்களை ஒவ்வொன்றாக அவள் சேலையில் முடிந்தார். அரசு முத்திரை குத்திய கற்கள் ஒரு செட்தான் இருந்தன. அதனால் நிறுக்கும்போது அவிழ்த்துத் தருவாள், நிறுத்ததும் வாங்கி முடிந்துகொள்வாள். தெரு இதற்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் மட்டும் குனிந்து நாற்காலிக்கும் அவளுக்கும் இடையே பார்ப்பார்கள்.

அன்று சொக்கம்மாள் வந்து நின்றாள். "இன்னா அண்ணாச்சி, புளி கேட்டு எம்மா நேரம்? வூட்ல ஒல காஞ்சிகினு கீது." அப்பா அவசரமாகப் புளியை மடித்தார். கல் தட்டிலேயே கிடந்தது. "அக்காவ கட்டி வையி, காத்து வர்ற நேரம்" என்று அவள் சிரித்து முடிப்பதற்குள் தெற்குக் காற்று வந்தது. மற்ற கற்களோடு அம்மா எழும்பி, மாடி உயரத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"ஏங்க! தண்ணித் தொட்டி மூடாம கெடக்கு!"

அப்பா மாடிக்கு ஓடினார். முதலில் மூடியைப் போட்டார். பிறகுதான் கையை நீட்டினார். அதற்குள் அவள் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டாள். நல்ல வெயிலில் போனதாக மீன்பிடிப் படகுக்காரர்கள் சொன்னார்கள்.

புதுக் கற்கள் வாங்கினோம். பழைய செட்டில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். முத்திரை போட வருகிறவர் வருடம் தவறாமல் அதையும் நிறுத்துப் பார்க்கிறார். அது இன்னும் சரியாக அரைக்கிலோ இருக்கிறது.